ஓடாத சாமானுக்குப் பணம் திரும்ப வேண்டுமா? எழுதிக் கேளுங்கள்

திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர்ப் பக்கம் கம்ப்யூட்டர், செல்போன் சாமான் விற்கும் கடைகளின் வாசலில் ஒரே மாதிரியான சண்டை அடிக்கடி நடக்கிறது. இரண்டு நாளைக்கு முன்பு வாங்கிய லேப்டாப் சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். "அண்ணே, இதுல சார்ஜே ஏறமாட்டேங்குது." கடைக்காரர் வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். "பில் இருக்கா?" இல்லை. "டப்பா?" பிரித்த அன்றே குப்பைக்குப் போயிற்று. "அப்ப நம்ம கடையில வாங்குனதுன்னு எப்படிப்பா சொல்றே?" அதற்குப் பிறகு குரல் உயரும், நாலு பேர் கூடுவார்கள், வாங்கியவர் கோபத்தில் சார்ஜரை மேஜைமேல் வீசிவிட்டுப் போய்விடுவார். அவர் கையில் இருந்த கடைசிச் சாட்சி அந்தச் சார்ஜர்தான். அதையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டுப் போகிறார்.

சிலர் இத்தோடு விடுவதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். இது எங்கள் வேலை இல்லை என்று அங்கே திருப்பி அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார்கள். அது துறை துறையாக நகர்கிறது, கடைசியில் ஒரு பதில் கடிதம் வருகிறது, பணம் வருவதில்லை. தனி ஒருவருடைய சார்ஜருக்குப் பணம் வாங்கித் தரும் அதிகாரம் கலெக்டருக்குச் சட்டத்தில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு அவருக்குத் தந்திருப்பது, நுகர்வோர் என்ற வகுப்பினர் மொத்தமாகப் பாதிக்கப்படும்போது விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம்தான். இதை மனு வாங்கும் இடத்திலேயே ஒரு வரியில் சொல்லி, "நீங்கள் போகவேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்" என்று வழிகாட்டினால் மக்களுக்கு மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சமாகும். சொல்லத்தான் ஆளில்லை. துறையின் பெயரே 'கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை'. ஆனால் வட்ட வழங்கல் அலுவலகம் என்றால் ரேஷன் கார்டு என்பதற்கு மேல் மக்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவைக்க அங்கே யாரும் மெனக்கெடுவதாகவும் தெரியவில்லை.

2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு கிராமத்து வீடுகளிலும் லேப்டாப் புகுந்துவிட்டது. சார்ஜர், பேட்டரி, மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ், ஹார்டு டிஸ்க், வைஃபை டாங்கிள் என்று மாற்றுச் சாமான்களுக்கான சந்தையும் கூடவே வளர்ந்தது. இருநூறு ரூபாய் முதல் நாலாயிரம், ஐயாயிரம் வரை போகும் பொருட்கள் இவை. "எழுநூறு ரூபாய்க்கு யார் கடலூருக்கு அலையறது?" என்று நினைப்பார்கள் என்பதை நம்பியே மட்டமான சரக்கு இங்கே வந்து இறங்குகிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்போது நடைமுறையில் இருக்கிறது; 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. வரலாறு இவ்வளவு போதும். நம் காரியத்துக்கு வேண்டியவை இரண்டு உட்பிரிவுகள். பிரிவு 2(10), பழுது என்றால் என்ன என்று சொல்கிறது. தரத்திலோ திறனிலோ அளவிலோ இருக்கும் குறை மட்டும் பழுது ஆகாது. விற்பவர் எந்த வகையிலாவது உறுதி சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அது பழுதுதான். அதாவது "உங்க லேப்டாப்புக்கு இது செட் ஆகும், எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் வாயால் சொன்னதும் கணக்கில் வரும். பிரிவு 2(47), நேர்மையற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பில் தராமல் விற்பது அதில் ஒன்று. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும்.

ஆகவே, பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்து வைத்திருப்பதைக் கண்டு பின்வாங்காதீர்கள். அந்த வரி பழுதான பொருளுக்குச் செல்லாது. "டெஸ்டிங் வாரன்டி மட்டும்தான், கடையை விட்டு இறங்கினா நாங்க பொறுப்பில்ல" என்ற பேச்சும் செல்லாது. அதே சமயம் நம் பக்கத்திலும் நியாயம் இருக்கவேண்டும். கறுப்பு வாங்கிவிட்டு வெள்ளை வேண்டும் என்பதற்கும், பக்கத்துக் கடையில் ஐம்பது ரூபாய் குறைவு என்பதற்கும் இந்தச் சட்டம் உதவாது. லேப்டாப்பின் மாடலைச் சொல்லாமல் கண்ணளவில் பின்னைப் பார்த்து நாமே சார்ஜரைத் தேர்ந்தெடுத்து, அது பொருந்தாமல் போனால் அந்தத் தவறு நம்முடையது. லேப்டாப்பையோ பழைய சார்ஜரையோ கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாடலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவால் எழுதும் அந்த ஒரு வரி பின்னால் பெரிய ஆதாரமாக நிற்கும்.

பில்லைப் பற்றி இரண்டு முறை சொன்னாலும் தகும். பில் வாங்குங்கள். "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?" என்று கடையில் கேட்டால் உடனே "வேண்டாண்ணே" என்கிறோம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி., எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை 200 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்குப் பில் தந்தே ஆகவேண்டும். பதிவு இல்லாத சின்னக் கடையானாலும் கடை பெயர், தேதி, பொருள், விலை, கையெழுத்து உள்ள ரசீது தரவேண்டும். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் வருகிறது. சட்டைப் பையிலும் வண்டி டேங்க் கவரிலும் கிடந்தால் எழுத்து மங்கிச் சில மாதங்களில் வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் மங்குகிறது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனில் படமும் பிடித்து வையுங்கள். பில் இல்லாமல் ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் தேதி, நேரம், பெற்றவர் பெயர், பரிவர்த்தனை எண் எல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும். அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்து, பில்லும் வாங்காதவர்களுக்குத்தான் வழி மிகவும் குறுகிப்போகிறது.

டப்பாவை எறியாதீர்கள். இதையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு, புகார் சொல்லவேண்டிய தொலைபேசி எண் ஆகிய எல்லாம் பெட்டியின்மேல் இருக்கவேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதி. எந்தக் கம்பெனிமேல் புகார் எழுதுவது என்பது அந்த அட்டையில்தான் இருக்கிறது. முகவரியே இல்லாத பெட்டியில் வரும் பொருளை வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சார்ஜராக இருந்தால் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு நிமிஷம் படியுங்கள். 'இன்புட்' என்ற வரியில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். 'அவுட்புட்' வரியில் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போல எழுதியிருக்கும். இந்த அவுட்புட் வோல்ட், உங்கள் பழைய சார்ஜரின் வோல்ட்டோடு ஒத்துப்போகவேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது. அதே லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் அடாப்டர், பவர் பேங்க் போன்றவை கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை. பதிவு இல்லாமல் விற்கவே கூடாது. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். எண் இல்லை, அல்லது வேறு ஏதோ பொருளின் எண் என்றால் போலிச் சரக்கு என்று சந்தேகிக்க வேறு காரணம் வேண்டாம். மட்டமான அடாப்டர் லேப்டாப்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும், சூடேறித் தீயும் பிடிக்கும். பணம் போவது மட்டும் இதில் பிரச்சினை இல்லை.

பொருள் ஓடவில்லை என்று தெரிந்ததும் கடைக்காரர் சொல்லப்போகும் பதில்கள் இரண்டுதான். "உங்க லேப்டாப்புலதான் கோளாறு" என்பார், இல்லையென்றால் "கரண்ட் ஏத்த இறக்கத்துல போயிருக்கும்" என்பார். இரண்டுக்கும் வீட்டிலேயே பதில் தயார் செய்துகொண்டு போங்கள். அதே லேப்டாப்பில் வேறு ஒருவருடைய சார்ஜரை மாட்டிச் சார்ஜ் ஏறுவதைக் காட்டுங்கள். புதுச் சார்ஜரை, அதே வோல்ட்டும் அதே பின்னும் உள்ள வேறு லேப்டாப்பில் மாட்டி ஏறாததைக் காட்டுங்கள். இரண்டையும் சீரியல் எண் தெரிய ஒரே வீடியோவாக எடுங்கள். மவுஸ், கீபோர்டு, ஹார்டு டிஸ்க் எதற்கும் இதே சோதனைதான். கரண்ட் பேச்சு வந்தால் அந்த 100 முதல் 240 வரியைக் காட்டுங்கள். சாதாரண ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நீங்களே திருகைக் கழற்றிப் பார்ப்பது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சால்டர் வைப்பது. ஸ்டிக்கர் கிழிந்த பிறகு பழுது யாரால் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.

பொருளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன், வச்சுட்டுப் போங்க" என்றால், மாடல், சீரியல் எண், தேதி, என்ன குறை என்று எழுதிக் கடை முத்திரையோடு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். சீட்டு தராவிட்டால் பொருளையும் தராதீர்கள்.

நேரில் போய்க் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் அன்று சாயங்காலமே கடிதம் எழுதவேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். போன் செய்கிறார்கள், மறுபடி நேரில் போகிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள், "அடுத்த வாரம் வாங்க" என்பதை நம்பிக் காத்திருக்கிறார்கள். அந்த 30 நாளும் ஓடிவிடுகிறது. நாள் ஓடவேண்டும் என்றுதான் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள். பில்லில் ஏழு நாள் என்று கெடு போட்டிருந்தால் இன்னும் மோசம். முதலில் அந்த வரியைப் படித்துவிட்டு ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடிதம் ஒரு வெள்ளைத் தாளில், தமிழில், ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை. நோட்டீஸ் அனுப்பித்தான் புகார் செய்யவேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. மேலே உங்கள் பெயர், முழு முகவரி, செல்போன் எண். பெறுநர், கடை உரிமையாளர். நகல், பெட்டியில் பெயர் உள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளருக்கு. அதன்பின் இந்தப் போக்கில் எழுதலாம்: 'இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில், இவ்வளவு ரூபாய் கொடுத்து, இந்த மாடல், இந்தச் சீரியல் எண் உள்ள சார்ஜரைத் தங்கள் கடையில் வாங்கினேன். என்னுடைய இன்ன மாடல் லேப்டாப்புக்குப் பொருந்தும் என்று தாங்கள் சொன்னதன்பேரில் வாங்கினேன். முதல் நாளிலிருந்தே சார்ஜ் ஏறவில்லை. வேறு சார்ஜரில் அதே லேப்டாப் சரியாக ஏறுகிறது. இன்ன தேதியில் நேரில் வந்து சொன்னேன். திரும்பப் பெற மறுத்துவிட்டீர்கள். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)-ன்படி பழுதுள்ள பொருள். பணம் தர மறுப்பது பிரிவு 2(47)-ன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் முழுத் தொகையையும் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்.' தேதி, கையெழுத்து. திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம், குடும்பக் கதை வேண்டாம். தேதிகளும் எண்களும் சரியாக இருந்தால் போதும்.

இதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தபாலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் வாங்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள். ரசீதைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கடைக்காரர் வாங்க மறுத்துத் தபால் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே ஆணையத்தில் கொடுக்கவேண்டிய ஆதாரம் அது.

கடிதம் போன கையோடு 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். புகாரைப் பதிந்து ஓர் எண் தருவார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய கம்பெனி, ஆன்லைன் விற்பனைத் தளம் என்றால் பல நேரம் இதிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் 1915 கோர்ட் அல்ல. கடைக்காரர் பதிலே சொல்லாவிட்டால் அவர்களால் கட்டாயப்படுத்த முடியாது. 'புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்ததும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறார்கள் பலர். போகவில்லை. அந்தப் புகார் எண்ணையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போகலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வெட்டாத வீடியோ எடுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டிருக்கவேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. செயலியில் 'திரும்ப அனுப்பும் காலம் முடிந்தது' என்று காட்டுவதோடு உங்கள் உரிமை முடிந்துவிடாது. அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

இங்கே ஓர் அபாயம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். "ரீஃபண்ட் போடறேன் சார், ஒரு ஆப் டவுன்லோடு பண்ணுங்க" என்பார்கள். அந்தச் செயலி உங்கள் செல்போன் திரையை அவர்களுக்குக் காட்டும். "பத்து ரூபாய் அனுப்பி வெரிஃபை பண்ணுங்க, பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். ஓடிபி சொல்லாதீர்கள். திரையைப் பகிரும் செயலி எதையும் இறக்காதீர்கள். எழுநூறு ரூபாயைத் திரும்ப வாங்கப் போய்ச் சேமிப்புக் கணக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பதினைந்து நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திட்டக்குடி வட்டத்துக்காரர்களுக்குக் கடலூரில் இருக்கிறது. சார்ஜரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், பெங்களூரு கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கினாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 2019 சட்டத்தின் 34-வது பிரிவு புதிதாகத் தந்த உரிமை இது. வெள்ளாற்றுக்குத் தெற்கே அகரம் சீகூர்ப் பக்கத்திலிருந்து திட்டக்குடிக்கு வந்து வாங்குகிறவர்கள் பெரம்பலூர் ஆணையத்தில் கொடுக்கலாம். கடை இருக்கும் மாவட்டம் என்பதால் கடலூரிலும் கொடுக்கலாம்.

கட்டணம் எவ்வளவு என்று பயப்படுகிறார்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. ஒரு பைசாகூடக் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பொருள் வாங்கிய அல்லது பணம் தர மறுத்த நாளிலிருந்து, அதாவது வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து, 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது 69-வது பிரிவு. இந்த 2 ஆண்டையும் முன்பு சொன்ன 30 நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முப்பது நாள், கடைக்காரரிடம் எழுத்தில் கேட்பதற்கு. இரண்டு ஆண்டு, ஆணையத்துக்குப் போவதற்கு.

புகார் மனுவில் கடைக்காரர் முதல் எதிர்தரப்பு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் இரண்டாம் எதிர்தரப்பு என்று இருவரையும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் "பொறுப்பு அவருடையது" என்று கையைக் காட்டுவார். நடந்ததைத் தேதி வரிசையில் எண்ணிட்ட பத்திகளாக எழுதுங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: விலை, அதற்கு வட்டி, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. எழுநூறு ரூபாய்ச் சார்ஜருக்கு மன உளைச்சல் என்று ஐந்து லட்சம் கேட்கும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டால் உண்மையான கோரிக்கைக்கும் மதிப்புப் போய்விடுகிறது. பில், கடித நகல், தபால் ரசீது, 1915 புகார் எண், லேபிளின் படம் ஆகியவற்றுக்கு வரிசை எண் போட்டு இணையுங்கள். சொன்னதெல்லாம் உண்மை என்ற சத்தியப் பிரமாண வாக்குமூலமும் வேண்டும். வாட்ஸ்அப் பதிவையோ வீடியோவையோ கொடுக்கிறீர்கள் என்றால் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழும் சேர்த்துவிடுங்கள். எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட் போகவேண்டும் என்பதைக் கணக்கிட்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

பில் மாமா பெயரில் இருக்கிறது, ஆர்டர் போட்டது நண்பனின் செல்போனில் என்று சிலர் தயங்குகிறார்கள். வாங்கியவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். அந்தச் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி இணையுங்கள்.

ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்தரப்பு முதல் நாளே ஆட்சேபம் எழுப்பும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தாமே பயன்படுத்துகிறவருக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கும்போது, பிறருக்குக் கூலிக்கு டைப் அடித்துக் கொடுக்கும் தட்டச்சுப் பொறியையே உதாரணம் காட்டியது. வாங்கியவர் தாமே உட்கார்ந்து அடித்துப் பிழைத்தால் அவர் நுகர்வோர். ஆகவே 'என் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக, நானே பயன்படுத்தும் பொருள்' என்ற வாக்கியத்தை மனுவில் கட்டாயம் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன.

திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போய், அங்கிருந்து கடலூருக்கு பஸ் பிடித்து ஒரு நாள் கூலியை இழக்காமல் மனு கொடுக்கவும் வழி இருக்கிறது. 'ஈ-ஜாக்ரிதி' என்ற மத்திய அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். விசாரணைக்கும் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்க 38-வது பிரிவில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், மனுவோடு சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

மனுவை ஏற்பதா என்று சாதாரணமாக 21 நாளுக்குள் முடிவு செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் நாடு முழுவதும் வாய்தா மேல் வாய்தா. காலி இடங்களை நேரத்தில் நிரப்பாத அரசுகளும், காரணமில்லாமல் தேதி கேட்கும் தரப்பினரும் சேர்ந்து ஏழைக்கு எளிய வழி என்று வந்த ஒன்றை நீட்டிக்கொண்டே போகிறார்கள். காரணத்தைப் பதிவு செய்யாமல் வாய்தா தரக்கூடாது என்று அதே 38-வது பிரிவில் இருக்கிறது. எதிர்தரப்பு மறுபடி மறுபடி தேதி கேட்டால் எழுந்து அதைச் சொல்லுங்கள். ஒரு தேதிக்கும் நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள். புகார் கொடுத்தவர் வராததால் தள்ளுபடியாகும் மனுக்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பெரும்பாலும் ஆணையத்தின் நோட்டீஸ் கடைக்குப் போனதுமே சமாதானத்துக்கு ஆள் வரும். பேசலாம், தவறில்லை. பணம் கைக்கோ கணக்குக்கோ வந்து சேராமல் 'திருப்தி' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பு வந்தும் தராமல் இழுத்தால், 72-வது பிரிவில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

வட்ட வழங்கல் அலுவலகச் சுவரிலும் பஸ் நிலையத்திலும் 1915 என்ற எண்ணையும், கடலூர் ஆணையத்தின் முகவரியையும், 'பில் தராமல் விற்பது சட்டவிரோதம்' என்ற ஒரு வரியையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அதிக செலவு ஆகாது. அதிகாரிகள் இதைச் செய்யவேண்டும். அதுவரை, இதைப் படிக்கிறவர்கள் இன்றே வீட்டில் உள்ள பில்களைத் தேடி எடுத்து, எழுத்து மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.